கங்காணியைக் கேட்டால் கம்பெனி தெரியுமா?

இண்டர்வியூவுக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் நாம எல்லாரும் தவறாமல் சொல்லும் அட்வைஸ் ஒன்று உண்டு. "கம்பெனியைப் பத்திக் கொஞ்சம் படிச்சுட்டுப் போ." என்ன தயாரிக்கிறான், யார் முதலாளி, போன வருஷம் லாபமா நஷ்டமா, எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினான்... இதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும்.

நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலை ஏறிய நம்ம ஜனங்கள் யாரைக் கேட்டார்கள்? என்ன கேட்டார்கள்? உண்மையான பதில் கிடைத்ததா? இதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். ஒரு டீ போட்டுக்கொண்டு உட்காருங்க. (மூணாறு டீயாக இருந்தால் இன்னும் பொருத்தம்!)

முதலில் இடம். கேரளாவின் கிழக்கு எல்லையைக் கையால் தடவிக்கொண்டே தெற்கே வாருங்கள். பாலக்காடு கணவாய், அதற்குக் கீழே நெல்லியாம்பதி, பறம்பிக்குளம். பக்கத்திலேயே தமிழ்நாட்டுப் பக்கம் வால்பாறை. இன்னும் தெற்கே வந்தால் மறையூர், மூணாறு, தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு. இந்த மலைகளுக்குக் கிழக்கே கீழே இறங்கினால் பொள்ளாச்சி, உடுமலை, போடி, கம்பம். மேலே காப்பி, தேயிலை, ஏலம். கீழே வானம் பார்த்த பூமி. மேலே வேலைக்கு ஆள் வேண்டும், கீழே ஆளுக்கு வேலை வேண்டும். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் ஏறினார்கள். அதில் பெரும் பகுதி நிலமில்லாத தலித் குடும்பங்கள்.

சரி, அந்தப் பக்கத்தின் பெரிய கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். கண்ணன் தேவன். பேர் என்னவோ நம்ம பேர்தான். அஞ்சுநாட்டுப் பகுதியில் இருந்த கண்ணன் தேவன் என்ற ஊர்ப் பெரியவரின் பேரில்தான் மலைக்கே பேர் வந்தது என்று சொல்வார்கள். ஆனால் கம்பெனி அவருடையது இல்லை. 1877 ஜூலையில் ஜான் டேனியல் முன்ரோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு ராஜாவிடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய், வருஷ வாடகை 3,000 ரூபாய். அதற்குக் கிடைத்தது சுமார் 1,37,000 ஏக்கர்! (இன்றைக்கு மூணாறில் ஒரு சீசன் வாரக் கடைசியில் நல்ல ஹோட்டல் ரூமுக்கு என்ன வாடகை என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.)

முன்ரோ 1879-இல் தோட்டம் போட ஆசைப்பட்டவர்களைச் சேர்த்து ஒரு சொசைட்டி ஆரம்பித்தார். 1880-இல் இந்த மலைகளைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதி வெளியிட்டார். இந்த ஒரு விஷயத்தைக் கவனத்தில் வையுங்கள். பணம் போட நினைக்கிற துரைக்குப் படிக்க அச்சடித்த புத்தகம் இருந்தது. அதே 1880-இல் ஏ. ஹெச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டுப் பார்த்தார். காப்பி, சிங்கோனா என்று பலதும் முயற்சி செய்து, கடைசியில் நிலைத்தது தேயிலை. 1890-களில் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஃபின்லே கம்பெனி உள்ளே வந்தது. 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி பதிவானது. பங்கு வாங்கியவர்களுக்கு வரவு செலவுக் கணக்கு போனது. இத்தனை ஏக்கரில் நட்டாச்சு, இவ்வளவு பவுண்டு தேயிலை, இவ்வளவு டிவிடெண்ட். ஸ்காட்லாந்தில் குளிர்காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, மூணாறைப் பார்க்காமலேயே கம்பெனியைப் பற்றி அத்தனையும் தெரியும்.

மூணாறிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் கூப்பிடு தூரத்தில் இருந்த போடிக்காரருக்கு?

அவருக்குக் கங்காணி இருந்தார்.

கங்காணி என்பவர் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்து, அந்த ஆட்களை மேய்த்து, அதற்குக் கமிஷன் வாங்கியவர் அவர். (வால்பாறைப் பக்கம் மேஸ்திரி என்பார்கள்.) எஸ்டேட் அவர் கையில் அட்வான்ஸ் பணம் கொடுத்து அனுப்பும். அவர் சொந்த ஊருக்கோ தெரிந்த ஊருக்கோ வருவார். நல்ல வேட்டி, தலைப்பாகை, சில பேர் கோட்டு. மழை பொய்த்த வருஷமாக இருக்கும். கடன்காரன் வாசலில் நிற்பான். கங்காணி அட்வான்ஸைக் கொடுத்துக் கடனை அடைப்பார், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கொடுப்பார். குடும்பம் மூட்டையைக் கட்டும். இண்டர்வியூ, ஆஃபர் லெட்டர், ஜாயினிங் போனஸ், ரீலொகேஷன் எல்லாமே அந்த ஒரு திண்ணையில் முடிந்துவிடும்.

ஜனங்கள் ஒன்றும் கேட்காமல் கிளம்பினார்கள் என்று நினைத்தால் அது தப்பு. நம்மாட்கள் பெண் கொடுப்பதற்கே ஏழு ஊரில் விசாரிப்பவர்கள்! விசாரித்தார்கள். ஆனால் கம்பெனியை விசாரிக்க வழியில்லாததால் கங்காணியை விசாரித்தார்கள். எந்த ஊர், யார் மகன், நம்ம சாதிசனமா, போன வருஷம் கூட்டிப்போன ஆட்களைத் திருப்பிக் கூட்டிவந்தானா? இது நியாயமான விசாரணைதான். இன்றைக்கும் நாம் ஒரு கம்பெனியில் சேரும் முன், அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பையனுக்கு ஃபோன் போட்டுக் கேட்கிறோமே, அதேதான். ஒரே வித்தியாசம், கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். யாரைக் கேட்கிறோமோ அவருக்கே நாம் "சரி" என்று சொன்னால்தான் காசு. அவர் சொல்லும் பதில் எப்படி இருக்கும்?

அவர் சொல்லாமல் விட்டதைப் பார்த்தால் புரியும். கொடுத்த அட்வான்ஸ் தானம் இல்லை, கணக்கில் ஏறும் கடன் என்பதைத் தெளிவாகச் சொல்ல மாட்டார். தென்னிந்தியத் தோட்டங்களில் அன்றைக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் என்று கையில் கொடுக்கும் வழக்கம் கிடையாது. வாரா வாரம் அரிசியும் கொஞ்சம் செலவுக்காசும் கொடுப்பார்கள். ஒன்பது பத்து மாதம் கழித்துக் கணக்கு முடிப்பார்கள். அட்வான்ஸ், அரிசி, கம்பளி எல்லாம் கழிந்து மிச்சம் என்ன என்று அன்றைக்குத்தான் தெரியும். மிச்சம் இல்லை என்றால் அடுத்த வருஷமும் அதே எஸ்டேட். மலேரியாவைப் பற்றியும் சொல்ல மாட்டார். இந்த மலைகளில் ஆனைமலைப் பக்கம் காய்ச்சல் பேர்போனது.

எல்லாவற்றையும் விட, ஓடிவந்தால் என்ன ஆகும் என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-இல் ஒரு சட்டம் வந்தது. அட்வான்ஸ் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லை வேலையைச் செய். இரண்டும் இல்லையென்றால் மூன்று மாதம் வரை ஜெயில். திருவிதாங்கூர் சமஸ்தானமும் இதே மாதிரி சட்டம் வைத்திருந்தது. வேலையை விட்டால் நோட்டீஸ் பீரியட் சம்பளம் பிடிப்பார்கள் என்று நாம் புலம்புகிறோம், அவர்களுக்கு ஜெயில்! பிரிட்டிஷ் இந்தியாவின் அந்தச் சட்டம் 1926-இல்தான் போனது.

போகிற வழியைப் பற்றி ஒரு வரி. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை கம்பெனி 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டது, அப்புறம் அது குட்டி ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து போடிப் பக்கம் கொட்டக்குடி வரை கம்பிப்பாதை. தேயிலைப் பெட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சொகுசாக இறங்கியது. ஆட்கள் அதே மலையைக் குரங்கணி வழியாக, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கால்நடையாக ஏறினார்கள். அந்த ரயில் 1924 ஜூலை வெள்ளத்தில் அடித்துப் போய்விட்டது. (மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொம்பது வெள்ளம்' என்று சொல்வது அதைத்தான். கொல்லம் ஆண்டு 1099.)

இதுவரை வேலையாள் கம்பெனியை விசாரித்த கதை. கம்பெனி வேலையாளை எப்படி விசாரித்தது என்று பார்த்தால்தான் விஷயம் முழுசாகப் புரியும். அதற்கு நல்ல சாட்சி இலங்கை. மூணாறுக்கு ஆள் போன அதே ஜில்லாக்களிலிருந்துதான் கண்டிச்சீமைக்கும் ஆள் போனார்கள், அதே கங்காணி முறையில். அங்கே தோட்ட முதலாளிகள் 1900-களின் ஆரம்பத்தில் தகர டிக்கெட் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரு சின்னத் தகர வில்லை, அதில் எந்தப் பகுதி, எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று எழுத்தும் எண்ணும். கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். 1904-இலிருந்து திருச்சியில் இலங்கைத் தோட்ட முதலாளிகளின் ஆள்சேர்ப்பு ஆபீசே இருந்தது.

இன்னொன்று 'துண்டு'. ஆமாம், நம்ம தமிழ்ச் சொல்தான், இங்கிலீஷ் சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய துரை ஒரு துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் ஆளை விடுவேன் என்று இருக்கும். புது துரை அதைப் படித்துவிட்டுத்தான் ஆளை எடுப்பார். ரெஃபரன்ஸ் செக், கிரெடிட் ரிப்போர்ட், ரிலீவிங் லெட்டர் மூன்றும் ஒரே காகிதத்தில்! 1921-இல் அதை ஒழித்தார்கள்.

அதாவது விசாரணை அந்தக் காலத்திலும் அருமையாகவே நடந்தது. ஒரு பக்கமாக மட்டும். கம்பெனிக்கு ஆளின் ஊர், கடன், நம்பர் எல்லாம் தெரியும். ஆளுக்குக் கம்பெனியின் பேர்கூட ஒழுங்காகத் தெரியாது. 'இன்ன கங்காணி தோட்டம்', 'இன்ன துரை தோட்டம்', அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. 1922-இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் சேர்க்கும் கங்காணிக்கு லைசென்ஸ் வேண்டும். கூட்டிப்போகும் ஆட்களைக் கிராம அதிகாரியிடம் காட்ட வேண்டும். போன இடத்தில் நம் நாட்டு ஏஜெண்ட் ஒருவர் இருப்பார். 1927-இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கே சட்டம் வந்தது. ஆனால் அந்த 1922 சட்டத்தில் குடிபெயர்வு என்றால் கடல் வழியாக நாட்டை விட்டுப் போவது என்றுதான் பொருள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறியவருக்குச் சட்டம் உண்டு. போடியில் மலை ஏறியவருக்குக் கிடையாது! அவரும் பிரிட்டிஷ் இந்தியாவை விட்டுத் திருவிதாங்கூர் ராஜாவின் நாட்டுக்குத்தான் போகிறார். இடையில் கடல் இல்லை, அவ்வளவுதான். இந்தியாவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வர 1948 ஆக வேண்டியிருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே வந்து எழுதியவர்களும் அன்றைக்குக் குறைவு. எழுதியவர்களில் முக்கியமானவர் பி. ஹெச். டேனியல். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். அவர் 1969-இல் இங்கிலீஷில் எழுதிய நாவல் 'ரெட் டீ'. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்தார். பாலாவின் 'பரதேசி' (2013) பார்த்திருப்பீர்களே, அதற்கு அடிப்படை அதுதான். மேஸ்திரியின் இனிப்பான பேச்சை நம்பி மலை ஏறும் ஒரு இளம் தம்பதியின் கதை. படத்தை விடப் புத்தகம் பல மடங்கு நல்லா இருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஒரு டாக்டர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைமடுவம் எல்லாம் கம்பெனியின் பொறுப்பு என்றது. சங்கங்கள் வலுவாயின. மெல்ல மெல்லக் கங்காணியின் அதிகாரம் போனது. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் வரதராசன் மேடை மேடையாகப் பாடினார். கூடவே போன தம்பி யார் தெரியுமில்லையா? பின்னாளில் இளையராஜா.

ஆனால் அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போயின. தமிழர் அதிகம் இருக்கிறார்களே என்று கேட்டதற்கு, அவர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள்தானே என்ற வாதம் முன்னால் நின்றது. மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தவர்கள் 'வந்து போகிறவர்கள்'! எந்தக் கங்காணியும் சொல்லியிருக்க முடியாத விஷயம் இது. வேலைக்குப் போன இடத்தில் நாம் யாராக எண்ணப்படுவோம் என்பது. விசா வரிசையில் நின்ற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கம்பெனியும் மாறிக்கொண்டே இருந்தது. 1964-இல் ஃபின்லேயோடு டாடா கூட்டுச் சேர்ந்தது. 1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை எடுத்துக்கொள்ளும் சட்டம் போட்டு, சுமார் 57,000 ஏக்கரைக் கம்பெனிக்கு விட்டது. 1983-இல் ஃபின்லே விலகி, டாடா டீ என்று பேர் மாறியது. அப்புறம் டாடாவுக்கும் தோட்டம் நடத்துவது கட்டுப்படியாகவில்லை. பாக்கெட் போட்டு விற்பதில் லாபம், கொழுந்து பறிப்பதில் இல்லை. 2005-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்று புதுக் கம்பெனி. பெரும்பான்மைப் பங்கு தொழிலாளர், ஊழியர் கையில். டாடா சிறு பங்கோடு ஒதுங்கிக்கொண்டது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குதாரர்கள். முன்ரோ காலத்தில் கிளாஸ்கோவுக்குப் போன பங்குப் பத்திரம் இப்போது லயத்துத் தகரப் பெட்டிக்குள் வந்துவிட்டது. இனி யாரைப் போய் விசாரிப்பது, முதலாளியே நீதானே?

இந்தக் கேள்விக்குப் பத்து வருஷத்தில் பதில் வந்தது. 2015 செப்டம்பரில் போனஸை நிர்வாகம் 10 சதவீதமாகக் குறைத்தது. லாபம் குறைந்துவிட்டது என்றார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். 20 சதவீதம் போனஸ், 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்கு என்பது கோரிக்கை. ஆதரவு சொல்ல வந்த சங்கத் தலைவர்களைக் கிட்டேயே சேர்க்கவில்லை. தலைவர்கள் நிர்வாகத்தோடு ஒட்டிக்கொண்டு சலுகை அனுபவிக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களின் குற்றச்சாட்டு. 'பெம்பிளை ஒருமை' என்று பேர் வந்தது அப்போதுதான். ஒன்பது நாளில் 20 சதவீதத்துக்கு ஈடான தொகை (8.33 போனஸ், மீதி கருணைத்தொகை) ஒப்புக்கொள்ளப்பட்டது. கூலி பின்னால் 301 ரூபாய் ஆனது.

என்னைக் கேட்டால், 500 கேட்டு 301 கிடைத்ததை விடப் பெரிய செய்தி இன்னொன்று. பங்குதாரராக இருந்தும் கம்பெனிக் கணக்கை அவர்கள் இன்னொருவர் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. கங்காணி இருந்த இடத்தில் சங்கத் தலைவர் இருந்தார். பங்குப் பத்திரம் கைக்கு வந்தது, பேலன்ஸ் ஷீட் வாசிக்கிற இடம் வரவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர். அதில் நிறையக் குடும்பங்களின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. செய்தி கேட்டு அங்கிருந்து சொந்தக்காரர்கள் ஓடினார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவேயில்லை. லயம் என்பது கம்பெனி வீடு. வேலை இருக்கும் வரைதான் வீடு. ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும், அல்லது பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து வீட்டைத் தக்கவைக்க வேண்டும். பல வீட்டில் நன்றாகப் படித்த பிள்ளைகூட அம்மா பறித்த கொழுந்தையே பறிக்கப் போனதற்கு இதுதான் காரணம். வேலையை விசாரிக்கும்போது சம்பளத்தைக் கேட்கிறோம், வேலை முடிந்த பிறகு எங்கே படுப்போம் என்று கேட்கிறோமா?

பீர்மேட்டுக் கதை வேறு. அங்கே 1990-களின் கடைசியில் தேயிலை விலை விழுந்தபோது, 2000-க்குப் பிறகு பல எஸ்டேட்டுகள் அப்படியே பூட்டப்பட்டன. சம்பளப் பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி. பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விட்ட நிர்வாகங்களும் உண்டு. அது கட்டப்படவில்லை என்பதே எஸ்டேட் மூடிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. கேரளத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து மானுடவியல் படித்த ஜெயசீலன் ராஜ், இந்தச் சரிவைப் பற்றி 2022-இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். லயத்துப் பிள்ளை ஒருவர் கம்பெனியை உட்கார்ந்து ஆராய நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதியிலோ நிலமே குத்தகை. குத்தகை நிபந்தனையை மீறினார்கள் என்று அரசு சில எஸ்டேட்டுகளைத் திருப்பி எடுத்து, வழக்குகள் நடந்தன. முதலாளிக்கே நிலம் சொந்தமா என்பதைக் கொழுந்து பறிக்கிறவர் எங்கே போய் விசாரிப்பார்?

நமக்கு இன்றைக்கு வழி இருக்கிறது. பிரிட்டனில் கம்பெனிகளின் கணக்கைக் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வேலை விசாவுக்கு ஆள் எடுக்க யாருக்கு அனுமதி என்ற பட்டியலும் அரசாங்கமே போடுகிறது. அமெரிக்காவில் எச்-ஒன்-பி-க்காக எந்தக் கம்பெனி எந்த வேலைக்கு என்ன சம்பளம் எழுதிக் கொடுத்தது என்பதைத் தொழிலாளர் துறை வெளியிடுகிறது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஏஜெண்டுக்கு உண்மையாகவே லைசென்ஸ் உண்டா என்று இ-மைக்ரேட்டில் பார்க்கலாம். இந்தியக் கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம். பி.எஃப். கட்டுகிறார்களா என்று பார்க்கவும் இடம் உண்டு. இவ்வளவு இருந்தும் நம்மில் பெரும்பாலோர் முதலில் நம்புவது யாரை? கன்சல்டன்சிக்காரரை. அவரும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குபவர்தான். "கிளையண்ட் பெரிய கம்பெனி சார்" என்பார். கிளையண்ட் யாராக இருந்தால் என்ன, மாசம் பிறந்தால் சம்பளம் போடப்போவது யார்? ஆஃபர் லெட்டரில் இருக்கும் பேரும் விசாவில் இருக்கும் பேரும் ஒன்றா? இந்த இரண்டையும் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

அங்கே மலையில் கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் கம்பம், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் பெண்களை அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன. சாயங்காலம் திரும்புகின்றன. எந்தத் தோட்டம் என்பதை ஜீப்காரர் சொன்னால்தான் தெரியும். மூணாறு, பீர்மேடு லயங்களிலோ நம்மாட்கள் காலி செய்த வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம்காரர்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து, பாஷை தெரியாத ஊரில் இறங்கி, கொழுந்து பறிக்கிறார்கள். தங்கள் ஊரில் யாரிடம் விசாரித்துவிட்டு வந்தார்கள் என்று கேட்டால், ஏற்கெனவே இங்கே வேலை பார்க்கிற ஊர்க்காரர் ஒருவர் செல்ஃபோனில் சொன்னார் என்பார்கள்.